ஆறு மணிச் சுகம்

மனைவி சிவகாமசுந்தரி கோயிலுக்குக் கிளம்பும்வரை ஒன்றும் தெரியாத பசுவைப் போல் உட்கார்ந்திருந்து, அவள் தலை மறைந்ததும் படுக்கையறைக் கதவைத் தாழிட்டு, திரையையும் இழுத்துவிட்டு ரகுபதி பல மாதங்களாக அனுபவித்து வந்த சுகம் இன்றைக்குச் சந்தி சிரிக்கப் போகிறது.

சிரிக்க வைக்க வந்தவள் பெயர் ரக்ஷனா. கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்தாள்.

போன வாரம் வந்து, மின்பெட்டிக்குள் ஒரு குட்டிக் கருவியை மாட்டிவிட்டுப் போன பெண் அவள். வீட்டிலுள்ள பழைய வாட்டர் ஹீட்டரைத் தூக்கிவிட்டு, குறைந்த மின்சாரத்தில் தண்ணீர் காய்ச்சும் ஹீட் பம்ப் வைத்தால் மானியம் உண்டு. ஆனால் வீடு எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று ஆராய்ந்து, இவள் சரியென்று சொன்னால்தான் கிடைக்கும்.

கருவி ஹீட்டரை மட்டும்தான் அளக்கும் என்று கணவனும் மனைவியும் நினைத்திருந்தார்கள்.

“இல்ல அங்கிள், வீடு முழுக்க அளக்கும். எந்த ரூம்ல எந்த நேரத்துல எவ்ளோ ஓடுச்சுன்னு எல்லாமே தெரியும். சூப்பர்ல?” என்றாள் ரக்ஷனா.

ரகுபதிக்குச் சூப்பராக இல்லை. சிவகாமசுந்தரி, காப்பி கலக்குவதாகச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். சிங்கப்பூரின் அந்த ஃபேரர் பார்க் பேட்டையில் மின்சாரச் சிக்கனம் என்றால் சிவகாமசுந்தரிதான். குடியிருப்பாளர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால், “எங்க வீட்டு ஏசி தூங்கி ஒரு வருஷமாச்சு. நாங்க செத்தா போயிட்டோம்?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்குவாள். பேட்டையிலேயே முதல் ஹீட் பம்ப் தன் வீட்டில்தான் வரப்போகிறது என்றும் அதே மைக்கில் அறிவித்துவிட்டாள். ஏசி ரிமோட்டின் பேட்டரிகளைத் தன் கையாலேயே கழற்றிக் குப்பையில் போட்டவள் அவள்.

ஆனால் மனமிருந்தால் மார்க்கமுண்டு. கட்டிலோரத்து அலாரக் கடிகாரத்தின் இரண்டு பேட்டரிகளும் ரிமோட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தன.

அவள் பெருமாள் கோயில் பஜனைக்குப் போனதும் மாற்றிப் போடுவார். அறை குளுகுளுவென்று கேமரன் மலையாகிவிடும். அவள் திரும்புவதற்குள் பேட்டரிகளைக் கடிகாரத்திலேயே மாட்டி, கைபேசியைப் பார்த்து மணியையும் சரிசெய்துவிடுவார். அப்படிச் சரிசெய்தும் அந்தக் கடிகாரம் மறுநாள் சாயங்காலம் பார்த்தால் ரெண்டு மணி நேரம் பின்தங்கியே இருக்கும். பேரம் பேசி மலிவாக வாங்கிய சரக்கு வேறெப்படி ஓடும் என்று அவரும் அதைத் திட்டிக்கொண்டே தினமும் திருத்தி வைத்தார்.

காப்பி வந்தது. அதில் சர்க்கரையே இல்லை. கோபத்தில்தான் சிவகாமசுந்தரி போடவில்லை, மோப்பம் பிடித்துவிட்டாள் என்று ரகுபதிக்கு வியர்த்தது.

“ஹீட்டர் பத்தி எல்லாம் ஓகே ஆன்ட்டி. ஒரே ஒரு டவுட் லா,” என்றாள் ரக்ஷனா. “பெட்ரூம் ஏசி போடறதே இல்லன்னு போன வாரம் சொன்னீங்க. ஆனா டெய்லி ஓடியிருக்கே?”

“மெஷின் கோளாறா இருக்கும்மா.”

“ரெண்டு தடவை செக் பண்ணிட்டேன் ஆன்ட்டி. யார் போடறாங்க, எதுக்குப் போடறாங்கன்னு தெரியாம நான் ஓகே சொல்ல முடியாது. ஹீட் பம்ப் கிடைக்காது.”

சிவகாமசுந்தரியின் முகம் வெளுத்திருந்தது. அடுத்த கூட்டத்தில் இவள் எந்த முகத்தோடு மைக்கைப் பிடிப்பாள் என்று நினைத்ததும் ரகுபதிக்கு மனசு கேட்கவில்லை.

“நான்தாம்மா,” என்றார். “சாயங்காலம் ஆறு மணிக்கு இவ கோயிலுக்குப் போனதும் போடுவேன். கடிகாரத்து பேட்டரியக் கழட்டித்தான்… சிவகாமி, என்னை மன்னிச்சிரு. இந்த வெக்கை தாங்க முடியல.”

இடி விழட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை.

“சரி, விடுங்க,” என்றாள் சிவகாமசுந்தரி, கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டறியாத குரலில். “மனுஷன்தானே. வயசாச்சு, உடம்பு கேக்குது. அதான் அவரே ஒத்துக்கிட்டாரேம்மா, எழுதிக்கிட்டுக் கெளம்பு. மழை வர்ற மாதிரி இருக்கு.”

ரகுபதிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட தங்கத்தையா ஏமாற்றினோம் என்று வெட்கமாக இருந்தது.

“இனிமே காலையில தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போனா, பன்னெண்டு மணி வரைக்கும் கோப்பிக் கடையில உக்காந்து கதை பேச மாட்டேன் சிவகாமி. நீ தனியா இருப்ப. நேரா வீட்டுக்கு வந்துடறேன்.”

“ஐயய்யோ, அதெல்லாம் வேணாம்!” என்று பதறினாள் அவள். “பாவம், உங்களுக்குன்னு நாலு சிநேகிதம் வேணும்ல?”

அந்தப் பெருந்தன்மையில் ரகுபதி நெகிழ்ந்தே போனார்.

ரக்ஷனா தட்டி முடித்துவிட்டுத் திரையிலிருந்து நிமிர்ந்தாள்.

“தேங்க்ஸ் அங்கிள், சாயங்காலத்துக்கு எழுதிட்டேன். அப்ப காலையில பத்து மணிக்குப் போடறது யாரு?”