ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

"இந்த வண்டியை முதல்ல வித்துத் தொலைங்க!"

வாசலில் நின்ற பழைய பிக்கப்பைப் பார்த்து மனைவி கத்தினாள். செடிக்கடைக்குத் தொட்டி ஏற்ற என்று வாங்கிய வண்டி. வீட்டுக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகிறது.

"இப்ப என்ன ஆச்சு?" என்றான் கணவன்.

"காது கேக்கலையா? மறுபடியும் அதே கடகட! டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி. வாரம் பூரா ஒழுங்கா ஓடுது. ஞாயித்துக்கிழமை ஆனா போதும், அதுக்கு நோவு வந்துடுது."

"பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும். மாமா பார்த்துக்குவாரு."

அதுதான் அவளுக்கு ஆத்திரம். முட்டி தேய்ந்து, மெக்கானிக் பட்டறையை மூடிவிட்டு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த மனுஷன் அவள் அப்பா. அவரைப் போய் வண்டிக்கு அடியில் படுக்க வைக்கிறாரே! வேறு மெக்கானிக்கே ஊரில் இல்லையா? வீட்டோடு ஓசியில் ஒருத்தர் கிடைத்தால் விடுவாரா இவர்?

அதற்குள் அப்பா வந்துவிட்டார். கிழிந்த சட்டை, தோளில் துணி, கையில் நீளமான ஸ்க்ரூ டிரைவர்.

"மாப்பிள்ளை, ஸ்டார்ட் பண்ணுங்க. யாரும் மூச்சு விடக்கூடாது."

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது. "அம்மா, ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க! இங்க வைத்தியம் நடக்குது!" என்று குரல் கொடுத்தார். மிக்ஸி நின்றது.

ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார்.

"கியர் பாக்ஸ்தான்."

கியர் பாக்ஸ் இல்லை. மதியம் வரைக்கும் பின்பக்க ஸ்பிரிங் மேல் சந்தேகம். சாப்பிட்ட பிறகு பிரேக். மூன்று மணிக்குக் கதவையே கழற்றிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை பதினாலாம் நம்பர் ஸ்பேனர் கேட்டால் பன்னிரண்டை எடுத்துக் கொடுத்து, நாள் முழுக்கத் திட்டு வாங்கினான்.

மாலை ஐந்து மணிக்கு வண்டிக்கு அடியிலிருந்து வெற்றிக் குரல் வந்தது.

"சைலன்சர் கிளாம்ப்! போல்ட் லூஸ்!"

"அட! நான் நினைச்சே பார்க்கல மாமா!"

அவள் யோசித்துப் பார்த்தாள். போன வாரமும் அதே போல்ட். அதற்கு முந்தின வாரமும் அதே போல்ட். தெருமுனையில் திரும்பும் லாரியின் சத்தத்தை வைத்தே அதன் வியாதியைச் சொல்லுகிற அப்பா, ஒரே போல்ட்டை வாராவாரம் மறந்துவிட்டுப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார். அப்பாவுக்கு ஞாபகம் போகிறதா? நினைக்கவே பயமாக இருந்தது. இந்த வண்டி இன்னும் நாலு வாரம் இருந்தால் அது தெருவுக்கே தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை கணவனிடம் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு மெக்கானிக்கிடம் போனாள்.

அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"அக்கா, வண்டி தங்கம். யாராவது கேட்டா விக்காதீங்க."

"அப்ப அந்த சைலன்சர் போல்ட்டு?"

"ரெண்டு நட்டு போட்டு இறுக்கியிருக்கு. ஜென்மத்துக்கும் தானா கழலாது. ஆனா ஸ்பேனர் போட்டுப் போட்டுத் தலையே உருண்டு கிடக்கு. யாரோ வேணும்னே கழட்டுறாங்க."

சனிக்கிழமை மாலை. அப்பா குளிக்கப் போனார். அவள் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தாள். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. காலில் கணவனின் செருப்பு.

"வெளியில வாங்க!"

டங் என்று தலை இடித்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கையில் ஸ்பேனரோடு வெளியே வந்தான்.

"மெதுவா பேசு. மாமாவுக்குக் கேட்டுடப் போகுது."

"என்னங்க இது கூத்து?"

"வந்ததுலேருந்து ரெண்டு மாசம் சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடந்தாரே, மறந்துட்டியா? வண்டி வந்த முதல் வாரம் நிஜமாவே சத்தம் வந்துச்சு. அவரே எழுந்து வந்து, இந்த போல்ட்டை ஒரு நிமிஷத்துல முறுக்கினாரு. அன்னிக்கு ரெண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

"அப்புறம்?"

"அடுத்த வாரம், சத்தம் ஏதாவது வருதா மாப்பிள்ளைன்னு கேட்டாரு. இல்ல மாமான்னேன். பேசாம போய்ச் சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டாரு. என்னால பார்க்க முடியல. வண்டியில எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு போல்ட்டுதான்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனையா கஞ்சன் என்று நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. "முகமெல்லாம் கிரீஸ்" என்று சொல்லிக் கையாலேயே துடைத்துவிட்டாள். அது இன்னும் பரவியது.

டீயை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வண்டி பார்ப்பீங்கல்லப்பா?"

"பார்க்காம? மாப்பிள்ளைக்கு என்னை விட்டா யாரு இருக்கா?"

டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, நான் சொன்னேன்னு சொல்லாத. அந்த போல்ட்டுல மரை தேஞ்சுபோச்சு, அடுத்த வாரம் வேற எதையாவது கழட்டச் சொல்லு. சாயங்காலம் வரைக்கும் தெரியாத மாதிரி நடிக்க எனக்கும் கொஞ்சம் சுலபமா இருக்கும்."