வாசலில் நின்ற பென்ஸ்

பென்ஸின் முன்கண்ணாடியில் கைரேகை விழுந்திருந்தது. ஸ்ரீஸ்கந்தராசா 'ஹா' என்று ஊதி, சாரத்தின் நுனியால் துடைத்தார். மருதானை கராஜ் ஒன்றில் வாங்கிய கறுப்புப் பெயின்ற் வெயிலில் பளபளத்தது.

"இஞ்சருங்கோ, கெதியா காரைக் கொண்டு வாங்கோ. பிள்ளை வெயிலுக்கை நிண்டு கறுக்கிறாள்," என்று வாசலில் நின்ற மனைவி நாகேஸ்வரி குரல் கொடுத்தாள்.

அவர் கொண்டு வந்தார். இரண்டு விரல்களால் தூக்கி. வீட்டு முன் ஒழுங்கையின் நடுவில் போட்டிருந்த பலகைத் துண்டில் மெதுவாக இறக்கி வைத்தார்.

மீன் டின்னை வெட்டி, வளைத்து, அரத்தால் தேய்த்துப் பதினொரு மாதம் மினக்கெட்டுச் செய்த பென்ஸ் அது. ஒரு சாண் நீளம். இப்படிப் பதினாலு கார்கள் அவரிடம் இருந்தன. எந்தக் காரையும் ஓட்டத் தெரியாது என்பது வேறு கதை. வெள்ளவத்தையிலிருந்து கந்தோர் வேலைக்கு அவர் போவது கரையோர ரயிலின் வாசலில் தொங்கிக்கொண்டு.

வினை அந்தக் கார்களில்தான் தொடங்கியது. "சொந்தமாக் கார் இருக்கோ?" என்று மகளுக்கு வரன் தேடிய கல்யாணப் புரோக்கர் கேட்டார். யாராவது கார் என்று வாயெடுத்தாலே பெருமைப்படும் வியாதி உள்ள மனிதர், "பதினாலு இருக்கு" என்று அலுமாரியைத் திறந்து காட்டிவிட்டார்.

புரோக்கர் நேர்மையானவர். "பதினாலு எண்டு எழுதினா நம்பமாட்டினம். ஒண்டு எண்டு போடுறன்," என்று குறைத்தே எழுதினார்.

கனடாவிலிருந்து மாப்பிள்ளையின் படம் வந்தது. இரண்டு மாடி வீடு, புகைபோக்கி, வாசல்வரை வெள்ளை வெளேரென்று பனி, வாசலில் கோட்டுப் போட்ட சிவபாலன். பனியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"பாருங்கோ, அங்கை பனியைக்கூட மிதிக்காமல் சுத்தமா வைச்சிருக்கினம்," என்று நாகேஸ்வரி உருகினாள்.

பம்பர் ஒரு நூல் கோணினாலும் கண்டுபிடிக்கிற ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு, அந்த வீட்டைப் பார்த்ததும் பயம் வந்ததே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. கடிதத்தின் கடைசி வரி வேறு மிரட்டியது: 'பெண்ணைக் காரோடு நிற்கவைத்து ஒரு படம் அனுப்பவும்.'

மகள் கௌரிக்கு இருபத்தெட்டு வயது. போன மாதத்து இராணுவச் சுற்றிவளைப்புகளில் மட்டும் இரண்டு தரம் அவளைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு தரமும் அவர் பொலிஸ் வாசலில் நின்று, தெரிந்த தேவாரமெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தெரியாததையும் சொன்னார். அவளை ஒரு பிளேனில் ஏற்றிவிடலாம் என்றால் பென்ஸ் என்ன, தகரத்தில் கப்பலே செய்திருப்பார்.

"அப்பா, இது பொய்," என்றாள் கௌரி.

"பொய் இல்லைப் பிள்ளை. தூரம். நீ இன்னும் பத்தடி பின்னாலை போ."

கார் கிட்ட, பெண் எட்ட. நிலத்தோடு நிலமாக இருந்து பார்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆகவே அவர் கமராவோடு ஒழுங்கையில் குப்புறப் படுத்தார். யுத்த காலத்தில், கடற்கரைப் பக்கத்துக் காவலரணுக்கு நேரே, ஒரு தமிழன் குப்புறப் படுத்துக் குறிபார்ப்பது அவ்வளவு புத்திசாலித்தனம் இல்லை. இது அவருக்கு உறைத்தது, மூக்குக்கு முன்னால் இரண்டு சப்பாத்துக் கால்கள் வந்து நின்ற பிறகு.

"மொகத கரன்னே?" என்ன செய்கிறாய் என்று சிப்பாய் கேட்டான். துவக்கின் குழலும் சேர்ந்து கேட்டது.

படுத்தபடியே அடையாள அட்டையை நீட்டினார். கல்யாணம், கனடா, கார் என்று தன் உடைந்த சிங்களத்தில் முழுக் கதையையும் மூன்று சொல்லில் சொன்னார்.

சிப்பாய் பென்ஸைத் தூக்கினான். கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான். தூரத்தில் நடுங்கிக்கொண்டு நின்ற கௌரியைப் பார்த்தான். பிறகு துவக்கை மதிலில் சாத்திவிட்டு, அவனும் அவருக்குப் பக்கத்தில் படுத்து ஒரு கண்ணை மூடினான்.

"அங்கிள், டிகக் வமட்ட," என்று காரை ஓர் அங்குலம் இடப்பக்கம் தள்ளி வைத்தான். குறிபார்ப்பது அவன் தொழில். படம் அச்சொட்டாக வந்தது.

படம் அனுப்பிய மூன்றாவது வாரம் டெலிபோன் அடித்தது. கனடாவிலிருந்து சிவபாலன்.

"மாமா, படம் கிடைச்சுது. கௌரி வடிவா நிக்கிறா."

"சந்தோஷம் தம்பி."

"காரும் நல்ல வடிவு." கொஞ்சம் இரைச்சல். "எத்தினை அங்குலம் மாமா?"

ஸ்ரீஸ்கந்தராசா எதிரே நின்ற கௌரியின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"ஒன்பது, தம்பி," என்றார். "பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை. இப்பிடிப் படம் வேண்டாம் எண்டுதான் அவ சொன்னவ. நான்தான் உங்கட வீட்டைக் கண்டு பயந்துபோனன். கோவமெண்டா என்னைப் பேசுங்கோ. அவவை மட்டும் வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

மறுமுனையில் சிவபாலன் தொண்டையைச் செருமினான்.

"என்ர வீடும் ஒண்டரை அடிதான், மாமா."