எலிகளுக்கு இடமில்லை

“எலி எதுக்கும்மா? எலியா பேப்பர் வாங்குது?” என்று கேட்டுவிட்டு, செய்தி ஆசிரியர் அந்த இரண்டு வரிகளையும் அழித்தார்.

மூட்டுவலி மாத்திரை கொள்ளைநோயைக் குணப்படுத்துகிறது என்பது செய்தி. சோதனை எலிகளில் மட்டுமே நடந்தது, வேறு விஞ்ஞானிகள் யாரும் அதை இன்னும் சரிபார்க்கவில்லை என்பவை அந்த இரண்டு வரிகள்.

தலைப்பில் ஓர் ஆச்சரியக்குறியும் நின்றது. அது ஆசிரியரின் சொந்தப் படைப்பு.

அந்த வரிகளை எழுதிய நிருபர் விடுவதாக இல்லை. அவளுக்கு அப்பாவை நினைத்துக் கவலை.

டிவியில் பார்த்த கையோடு அவர் ஓர் அட்டை மாத்திரை வாங்கி வைத்துவிட்டார். பலவீனமான இதயம், அந்த மாத்திரை அவருக்கு ஆகவே ஆகாது. காலையில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

“நீ சொன்னா ஆச்சா? நாளைக்குப் பேப்பர்ல என்ன போடுறான்னு பாத்துட்டு முழுங்குறேன்.”

அந்தப் பேப்பரில் எழுதுவதே மகள்தான் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பெற்ற பிள்ளை சொன்னால் வாயாடித்தனம். அச்சில் வந்தால் வேதவாக்கு.

“இடமில்லம்மா,” என்றார் ஆசிரியர். “வாசகனோட நாடி எனக்குத் தெரியும். அவனுக்கு வேண்டியது நம்பிக்கை. சந்தேகத்தை அவன் வீட்லயே நிறைய வச்சிருக்கான்.”

நாடி பிடித்த கையில் கைபேசி அடித்தது.

“சொல்லுக்கா.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் குரல் அறை முழுவதும் கேட்டது.

“மாமாவுக்கா? ஐயோ, குடுத்துத் தொலைச்சிடாத! அது எலிக்குக் குடுத்துப் பாத்ததுக்கா. இன்னும் ஒருத்தனும் சரிபாக்கல... டிவியில சொன்னானா? அவனுக்கென்ன, வாய் இருக்கு, சொல்லுவான்.”

அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

அவர் திரும்பி வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். முதல் பத்தியிலேயே புதிதாகச் சில வரிகள்:

‘இது எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து. இன்னும் ஒருவரும் சரிபார்க்கவில்லை. யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்’ என்று, பெயர் வெளியிட விரும்பாத நிபுணர் ஒருவர் தம் அக்காவிடம் கூறினார்.

ஆசிரியர் அதைப் படித்தார். ஒருமுறை தொண்டையைச் செருமினார். பிறகு விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

‘தம் அக்காவிடம்’ என்பதை அழித்தார்.

‘நிபுணர்’ என்பதற்கு முன்னால் ‘மூத்த’ என்று சேர்த்தார்.

மற்றபடி, பக்கத்தில் இடம் தாராளமாகவே இருந்தது.