நாற்பது பிரதிகள்

தாவூத் தன் முதல் நாவலில் ஒரு தாயின் கண்ணீருக்குப் போட்டிருந்த விலை மூன்று ரூபாய். மொத்தமாக எடுத்தால் கழிவு உண்டு.

“மொத்தமாத்தானுங்க பாய் போச்சு!” என்றார், ஊட்டி பஜாரில் புத்தகக் கடை வைத்திருந்த சில்வஸ்டர். “நாலே நாள்ல நாப்பதும் காலி. நீங்க எழுதுவீங்கன்னு உங்க ஊட்டுலயே தெரியாதே, ஆருங்க வாங்குனது? நான் இல்லாதப்பக் கடைப் பையன் வித்திருக்கான்.”

“ரசிகருங்க” என்றார் தாவூத். வாய் இனித்தது, நெஞ்சு உறுத்தியது.

சரக்கு அவருடையதல்ல. குந்தா பக்கத்து எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகளில், சிலோனிலிருந்து வந்தவர்களுக்கு இலவசமாக மனு எழுதித் தருவதாகச் சொல்லி, ஞாயிறுதோறும் கேட்டுக் குறித்துக்கொண்டது. அதில் உச்சம் ஆண்டாயி கதை. குடும்ப அட்டையில் பெயர் விட்டுப்போனதால் மகளைச் சிலோன் அட்டனிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறியவள்.

பெயர்களை மாற்றி நாவலாக்கினார். மனுவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார். “எழுதியாச்சுங்களா பாய்?” என்று ஆண்டாயி கேட்டபோதெல்லாம், “அச்சுக்குப் போயிருக்கும்மா” என்று பாதி உண்மையைச் சொல்லி நழுவினார்.

இப்போது அவளே கடை வாசலில் நின்றாள். கையில் அவருடைய புத்தகம்.

ஊட்டிக் குளிரில் தாவூத்துக்கு வேர்த்தது. “கோவிச்சுக்காத ஆண்டாயி. உன்னக் கேக்காம...”

“கோவமா? நல்லா இருப்பீங்க பாய்! கணக்கப்பிள்ளை மக படிச்சுச் சொல்லிச்சு. கப்பலு, மண்டபம் கேம்ப்பு, எல்லாம் நாங்க சொன்னபடியே இருக்காம். லயமே அழுதுச்சு. ஒரு நாள் கூலியப் போட்டு வீட்டுக்கு ஒண்ணா வாங்கிட்டோம்.”

“படிக்கத் தெரியாதவங்களுமா? எதுக்கு?”

“திங்கக்கெழம கலெக்டருகிட்ட ஆளுக்கு ஒண்ணா நீட்டத்தான். கையில எழுதுன மனுவ ஓரமாப் போடுவாங்க. அச்சடிச்ச மனுவப் போட முடியுமா?”

சில்வஸ்டர் தாவூத்தைப் பார்த்தார்.

ஆண்டாயி புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்தாள். “எம் மக பேரு மட்டும் அந்தப் புள்ளைக்குக் கெடைக்கல. எந்தப் பக்கம்னு ஒரு கோடு போட்டுக் குடுங்க பாய். வீட்டுல எல்லாரும் வந்தாச்சு, அவ ஒருத்திதான் பாக்கி.”