நாலாவது கால்

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஜெபகனி வாசல்படியில் குந்தியிருந்து, கிழிந்த சாக்கால் ஜிம்மியின் கால்களைத் துடைக்கிறாள். உள்ளே சாணி மெழுகிய தரை இன்னும் காயவில்லை. கட்டிலில், அவள் இரண்டு மாதமாகப் பின்னிய ரேந்தை லேஸ் வெள்ளைத் துணியில் பொதிந்திருக்கிறது. சாயங்காலம் மிஷன் பங்களாவில் கொடுக்க வேண்டும். ஒரு பொட்டுச் சேறு பட்டாலும் துரைசாணி திருப்பிவிடுவாள். “மைனி, நாலு காலயும் நல்லா தொடையுங்க. போன மட்டம் கட்டில்லயே ஏறிட்டாம்லா,” என்று அடுக்களையிலிருந்து நாத்தனார் சத்தியபாய் சொல்கிறாள். “தொடச்சிட்டுத்தான் இருக்கேன் மக்கா.” மூன்று கால் சுத்தமாகிவிட்டது. நாலாவதை நாய் தர மாட்டேன் என்கிறது. “காலத் தாலே,” என்று இழுத்துப் பிடித்துச் சிரட்டைத் தண்ணீரை ஊற்றுகிறாள். சேறு கரைந்து போகிறது. பிறகும் தண்ணீர் தெளியவில்லை, சிவப்பாகவே ஓடுகிறது. விரலிடுக்கில் ஒரு கண்ணாடிச் சில்லு. அதைப் பிடுங்கிவிட்டுச் சாக்கைப் பார்க்கிறாள், முழுக்கச் சேறு. காயத்தைக் கட்டலாம் என்றால் கொடியில் கிடக்கும் துணியெல்லாம் ஈரம். அவள் எழுந்து கட்டிலுக்குப் போகிறாள். “மைனி, கையக் கழுவினியளா?” ஜெபகனி சேறும் ரத்தமும் பட்ட கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, வெள்ளைத் துணியின் முடிச்சைப் பல்லால் அவிழ்க்கிறாள். மெழுகிய தரையில் ஜிம்மி நொண்டிக்கொண்டே பின்னால் வருகிறது. நாலாவது கால் மட்டும் தரையில் படவில்லை.