கேஸ் தீர்ந்த நாள்

மகள் மகிழினி காதல் கல்யாணம் செய்துகொண்டு போன நாளிலிருந்து சிவக்கொழுந்து வீட்டில் வாய் திறப்பதில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் மனைவி கோமதி சோடா மெஷினில் தண்ணீர்ப் பாட்டிலை மாட்டி, மூன்று முறை அழுத்தி, எலுமிச்சையும் உப்பும் கலந்து கொடுப்பாள். குடிக்கும்போதே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவாள். ஏப்பம் வந்தால் சம்மதம். கூடத்துக்குப் புது மின்விசிறி வந்தது அப்படித்தான். எதையும் அவர் மறுத்ததில்லை; வந்த ஏப்பத்தை எப்படி மறுப்பது?

இன்று மெஷினை அழுத்தினால் உஸ்ஸென்று ஒரு மூச்சோடு சரி. கேஸ் தீர்ந்துவிட்டது. கோமதி எலுமிச்சையையும் உப்பையும் பச்சைத் தண்ணீரிலேயே கலந்து நீட்டினாள்.

“ஏங்க, மகிழினி தெருமுனையில ஆட்டோவுல உக்காந்திருக்கா. வரச் சொல்லட்டுமா?”

பாதி குடித்தவர் கண்ணாடி டம்ளரை உயர்த்திப் பார்த்தார். வழக்கமாகக் குமிழோடு ஏறி இறங்கும் எலுமிச்சை விதை அடியில் அசையாமல் கிடந்தது. மிச்சத்தையும் குடித்தார். நெஞ்சை நீவிக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. கோமதி டம்ளரை வாங்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. கழுத்தை நீட்டிக் காற்றை விழுங்கி, கண்ணில் நீர் முட்ட, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார்.

“இன்னைக்குக் கேஸ் கொஞ்சம் தூக்கல்தான்” என்று சொல்லிக்கொண்டே கோமதி செருப்பை மாட்டினாள்.