கடலில் விழுந்த மாப்பிள்ளை

"அப்பா, நாளைக்குக் காலையில அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடுங்க."

மகள் இப்படிச் சொல்லியும் அப்பா கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரை முழுக்க நீலக் கடல். நடுவே விமானம் தாங்கிக் கப்பல். அதன் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது ஒரு ஹெலிகாப்டர். அதை ஓட்டுவது அப்பாதான்.

"சரிம்மா. இவர் இறங்கினதும் பெட்டியைக் கட்டறேன்."

'இவர்' என்றால் அவள் வீட்டுக்காரர். மேஜைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். காதில் ஹெட்போன் மாட்டிவிட்டால் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. அவரோடு பறக்கிற நண்பர்கள் நாலு பேர், அவரவர் வீட்டிலிருந்து. தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் இதே கம்ப்யூட்டர் விளையாட்டுக் கூத்துதான்.

கப்பற்படையில் இருந்து ரிட்டயரான மனுஷன், நாலு வார்த்தை சொல்லி மாப்பிள்ளையைத் திருத்துவார் என்று நம்பித்தான் அப்பாவை வரவழைத்தாள். வந்த மூன்றாம் நாளே அவரும் ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். திருடனைப் பிடிக்கப் போன போலீஸ்காரர் அவனோடு சீட்டாட உட்கார்ந்த மாதிரி!

திங்கட்கிழமை அவள் மறுபடி வேலைக்குப் போகவேண்டும். ஆஸ்பத்திரி லேபில் மாலை ஷிப்ட். கைக்குழந்தையை யார் பார்ப்பது? நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டியது.

"எல்லாரும் சண்டை போடறாங்க. நீங்க மட்டும் எதுக்குப்பா வேலை வெட்டி இல்லாம தொங்கறீங்க?"

"எங்க கப்பல்ல விமானம் இறங்கறப்போ எல்லாம் ஒரு ஹெலிகாப்டர் இப்படித்தான் பக்கத்துல நிக்கும்மா. எவனாவது கடல்ல விழுந்தா தூக்கணுமில்ல?" என்றவர், மைக்கைப் பிடித்தார். "மாப்பிள்ளை, கொஞ்சம் உயரமா வர்றீங்க. இறக்குங்க. ஆங்… இன்னும் கொஞ்சம்…"

தொபுக்கடீர்!

"அடடா! பாழாப்போன காத்து, சதி பண்ணிடுச்சு மாப்பிள்ளை. வாங்க, கயிறைப் பிடிங்க."

மாப்பிள்ளை ஹெட்போனைக் கழற்றி வைத்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. "மாமா சொன்ன மாதிரியேதான் இறக்கினேன். எங்க தப்பு பண்றேன்னே தெரியல."

கடலில் நனைந்தவன் அன்றைக்கு மறுபடி பறக்கக்கூடாதாம். கப்பற்படை விதி என்று அப்பா சொல்லி, கோஷ்டியே அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தது.

"பாப்பாவைக் கொடு. குளிப்பாட்டறேன்" என்று கையை நீட்டினார் மாப்பிள்ளை.

இந்த ஒரு மாதமாகத் தினமும் விழுகிறார். விழுந்த சோகத்தில் வேறு பொழுதுபோகாமல் குழந்தையைத் தூக்க ஆரம்பித்தவர், இப்போது குளிப்பாட்டுகிறார், தோளில் போட்டுத் தூங்கவைக்கிறார். போன வாரம் பாப்பா அவரைப் பார்த்துப் பொக்கைவாயைத் திறந்து சிரித்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. நல்லவேளை, இவருக்கு விமானம் இறக்கத் தெரியவில்லை என்று மகள் நினைத்துக்கொண்டாள். அப்பாதான் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை.

அப்பா பெட்டி கட்ட உள்ளே போனார். மேஜைமேல் அவர் செல்போன் அடித்தது. கூட விளையாடுகிற எந்த வெட்டி ஆபீசரோ, பிடிபிடியென்று பிடித்துவிடலாம் என்று மகள் எடுத்தாள். அதற்குள் அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் முந்திக்கொண்டது.

"அங்கிள், உங்க மாப்பிள்ளை விழுந்தாச்சா? அடுத்தது எங்க வீட்டுக்காரர்தானே? பெரியவளுக்கு வீட்டுப்பாடம் இருக்கு, சின்னது அழுது ஊரைக் கூட்டறது. நேத்து மாதிரியே 'இறக்குங்க, இறக்குங்க'ன்னு சொல்லிச் சட்டுனு கவுத்து விட்டுடுங்க அங்கிள். உங்களுக்குப் புண்ணியமா போகும்!"

மகள் போனை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"அப்பா! அந்தக் கப்பற்படை விதி…?"

அப்பா திருட்டு முழி முழித்தார். "அப்படி ஒண்ணும் கிடையாதும்மா. கடல்ல விழுந்து வந்தவனுக்கு ஒரு போர்வை, சூடா ஒரு காபி, அவ்வளவுதான். காபி போட்டுக் கொடுத்தவனே நான்தானே! கப்பல் சமையல்காரனுக்கு விதி எல்லாம் யார் சொல்றா?"

"எதுக்குப்பா இதெல்லாம்?"

மடித்த சட்டையைப் பெட்டியில் வைத்தபடி அப்பா சொன்னார்: "நீ பொறந்தப்போ நான் நடுக்கடல்ல இருந்தேன். கரைக்கு வந்து ஆசையாத் தூக்கினேன். யாரோ எவனோன்னு வீறிட்டு அழுதே. எத்தனையோ நாள் என்கிட்ட வரவே இல்ல. அது இன்னும் வலிக்குது கண்ணு. நானாவது தூரத்துல இருந்தேன். மாப்பிள்ளை பக்கத்து ரூம்லயே உட்கார்ந்துக்கிட்டு அந்தக் கொடுமையை அனுபவிக்கணுமா? புத்தி சொன்னா எந்த மாப்பிள்ளை கேட்டிருக்கான்? அதான் பிடிச்சுத் தள்ளிட்டேன்."

மகளுக்குக் கண் கலங்கியது. பெட்டியிலிருந்த சட்டையை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

குளியலறையிலிருந்து வீட்டுக்காரர் கத்தினார்: "மாமா! நாளைக்கு எப்படியும் இறங்கிக் காட்டறேன், பாருங்க!" கூடவே பாப்பாவின் சிரிப்பு.

மகள் ஹெட்போனைக் கொண்டுவந்து அப்பா தலையில் மாட்டினாள்.

"போங்கப்பா, அந்தம்மா பாவம். அவங்க ஆளை முதல்ல கவுத்துட்டு வாங்க. திங்கட்கிழமையிலேர்ந்து எனக்கு மாலை ஷிப்ட், இவரை எத்தனை மணிக்குத் தள்ளறதுன்னு அப்புறமாப் பேசி வெச்சுக்கலாம்."